அப்பத்தாவை ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழாவுக்கு அழைத்துப் போவது எப்படி?

2025 பிப்ரவரியில் என் 78 வயது அப்பத்தாவை மதுரையிலிருந்து ராஜஸ்தானில் உள்ள ஜெய்சல்மேருக்கு, அங்கே 'மரு மகோத்சவ்' என்று அழைக்கப்படும் பாலைவனத் திருவிழாவுக்கு, அழைத்துப் போனேன். போவதற்கு முன் நான் படித்த குறிப்புகள் எல்லாம் முதுகுப்பையோடு தனியாகச் சுற்றுகிற இளைஞர்கள் எழுதியவை. எந்த மணல்மேட்டில் படம் எடுத்தால் அழகு என்று பத்து பேர் எழுதியிருந்தார்கள். கூடாரத்துக்குள் கழிப்பறை உண்டா, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. பெரியவர்களோடு போகிறவர்கள் நிகழ்ச்சி நிரலை வைத்துத் திட்டமிடக் கூடாது. கழிப்பறை, நாற்காலி, போர்வை இவை மூன்றையும் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். அதை நான் அங்கே போன பிறகு கற்றுக்கொண்டேன்.

1. முதலில் தேதியைப் பிடியுங்கள்

திருவிழாவுக்கு நிலையான ஆங்கிலத் தேதி கிடையாது. வட இந்தியப் பஞ்சாங்கப்படி மாக மாதப் பௌர்ணமியில் நிறைவடையும். 2024இல் அது பிப்ரவரி 24, 2025இல் பிப்ரவரி 12, 2026இல் பிப்ரவரி 1. நம் காலண்டரில் பார்த்தால் சில ஆண்டுகள் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில ஆண்டுகள் மாசி மகத்தன்று வரும். "எப்போதும் தைப்பூசம்தான்" என்று நினைத்து டிக்கெட் எடுத்தால் ஒரு மாதம் முன்னதாகப் போய் நிற்பீர்கள்.

ஜெய்சல்மேர் நிகழ்ச்சிகள் வழக்கமாக மூன்று நாள். அதற்கு முன்னதாகப் பொக்ரானிலும் ஒரு நாள் நடத்துகிறார்கள். முழு நிகழ்ச்சி நிரல் தாமதமாகத்தான் வெளியாகும். அதற்காகக் காத்திருந்தால் ரயிலில் கீழ்ப்படுக்கையும் நல்ல அறையும் போய்விடும். பௌர்ணமியை வைத்து முன்பதிவு செய்துவிட்டு, பிறகு ராஜஸ்தான் சுற்றுலாத் துறையின் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுப்பது நல்லது.

2. மூன்று மாதம் முன்: மருத்துவரும் ஆவணங்களும்

மருத்துவரிடம் "ராஜஸ்தான் போகிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பகலில் 25 டிகிரியை ஒட்டிய வெயில், இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகக்கூடிய குளிர், வறண்ட காற்று, மணல் தூசி, ஐந்து மணி நேரத் தரைவழிப் பயணம் என்று விவரமாகச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் தூசிக்கு என்ன செய்வது, சிறுநீர் போகவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பயண நாளில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். அந்த மாத்திரையின் நேரத்தை நாமே மாற்றக் கூடாது.

மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊரில் கிடைக்கும் அதே பெயர் அங்கே கிடைக்காமல் போகலாம். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள். விமானத்தில் போனால் இரண்டுமே கைப்பைகளாக இருக்கட்டும்.

ஆவணங்களில் நான் பட்ட பாடு பெயரில்தான். நம் ஊரில் தலைப்பெழுத்து வழக்கம். அப்பத்தாவின் ஆதாரில் ஒரே எழுத்தில் தலைப்பெழுத்து, மற்றோர் அட்டையில் தாத்தாவின் முழுப் பெயர், குடும்ப அட்டையில் 'அம்மாள்' கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. விமான டிக்கெட் எடுக்கும்போது நான் மனப்பாடமாக ஒரு பெயரைத் தட்டிவிட்டேன். அதைத் திருத்த ஒரு முழுப் பிற்பகல் தொலைபேசியில் போனது. எந்த அட்டையைக் கையில் கொண்டு போகிறீர்களோ, அதை எதிரே வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து டிக்கெட் எடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: அசல் ஆதார், அதன் நான்கு நகல்கள் (விடுதிகளில் கேட்பார்கள்), மருந்துச் சீட்டு, கடைசி இதயப் பரிசோதனை அறிக்கை, காப்பீட்டு அட்டை, எல்லா முன்பதிவுகளின் அச்சுப் பிரதிகள். அச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். நகரத்தை விட்டு மணற்பக்கம் போனால் கைபேசி சிக்னல் வரும், போகும்.

இன்னொன்று: தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர் என்றால் ஒரு சின்ன அட்டையில் அவர் பெயர், உங்கள் எண், தங்கும் இடம், அவருக்குள்ள நோய், ஒவ்வாமை ஆகியவற்றை இந்தியில் எழுதி அவர் சுருக்குப்பையில் வையுங்கள். ஊர்வலக் கூட்டத்தில் கை நழுவினால் அவரால் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஜெய்சல்மேர் எல்லை மாவட்டம். மேற்கே சில பகுதிகளுக்கு வெளிநாட்டவர் அனுமதி பெற்றுத்தான் போக முடியும். விடுதியிலும் அவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. இரண்டு மாதம் முன்: டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. திறக்கும் நாளில் முதல் நிமிடங்களில் எடுக்க, ஆதார் சரிபார்க்கப்பட்ட ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வேண்டும். இந்தச் சரிபார்ப்பை அன்று காலையில் உட்கார்ந்து செய்ய முயலாதீர்கள்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அந்தச் சேமிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் அதைக் கேட்கலாம்.

நான் விழுந்த குழி இங்கேதான். ஒரே டிக்கெட்டில் அப்பத்தாவையும் என்னையும் போட்டேன். 78 வயது என்று தட்டினால் கீழ்ப்படுக்கை தானாக வந்துவிடும் என்று நம்பிக்கை. வந்தது எனக்கு நடு, அவருக்கு மேல். அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு இருவர் வரைதான். அந்த இருவருமே தகுதியான வயதில் இருக்க வேண்டும். உடன் ஓர் இளைஞர் சேர்ந்தால் அது பொருந்தாது. எனவே அம்மாவோ அத்தையோ உடன் வந்தால் அப்பத்தாவையும் அவரையும் ஒரே டிக்கெட்டில் அந்த ஒதுக்கீட்டில் போட்டு, உங்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். நீங்கள் இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் பொது ஒதுக்கீட்டிலேயே 'குறைந்தது ஒரு கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற தெரிவைக் குறியிடுங்கள். எனக்கு அன்று டிக்கெட் பரிசோதகர் ஒரு கீழ்ப்படுக்கையை மாற்றிக் கொடுத்தார். ஆனால் அதுவரை அப்பத்தா யாரோ ஒருவர் படுக்கையின் ஓரத்தில், இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததுபோல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எந்த வழி? தமிழ்நாட்டிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில்கள் உண்டு. அவற்றில் சில வாரம் ஒருமுறை மட்டும் ஓடுபவை, அந்தக் கிழமை திருவிழாவோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு இரவு ரயிலில் கழிப்பதும் எழுபது வயதைத் தாண்டியவருக்கு எளிதல்ல. ஜெய்சல்மேருக்கே குளிர்காலத்தில் விமானங்கள் உண்டு என்றாலும் அவை பருவகாலச் சேவைகள். நான் சொல்வது: ஜோத்பூர் வரை விமானம், அங்கே ஓர் இரவு ஓய்வு, மறுநாள் பகலில் ரயிலில் ஜெய்சல்மேர். சாலையிலும் சுமார் 280 கிலோமீட்டர்தான்; கார் கொஞ்சம் சீக்கிரம் போகும். ஆனால் ரயிலில் கழிப்பறை கூடவே வருகிறது.

டெல்லி வழி இணைப்பு விமானம் எடுத்தால் இடையே நிறைய நேரம் விடுங்கள். குளிர்காலக் காலை மூடுபனியில் விமானங்கள் தாமதமாவது அங்கே வழக்கம்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், இரண்டு நாள் முன் மறுபடி உறுதி செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. விமான நிறுவனத்தார் "படி ஏறுவாரா?" என்று கேட்பார்கள். பெரியவரைப் பதில் சொல்ல விடாதீர்கள். அப்பத்தா கௌரவமாக "ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, ஏணிப்படியில் பாதியில் நின்றார். பின்னால் நாற்பது பேர். ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு நிலைய அதிகாரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஜோத்பூர், ஜெய்சல்மேர் விமான நிலையங்கள் இரண்டும் விமானப்படைத் தளங்களில் இருப்பவை; அங்கே படம் எடுக்கக் கூடாது. பேரன் முதல் விமானப் பயணத்தைப் படம் பிடிக்க நினைத்தால் புறப்படும் ஊரிலேயே முடித்துக்கொள்ளட்டும்.

4. தங்குமிடம்: நகரத்தில் மூன்று இரவு, மணலில் ஒன்று

முதல் இரண்டு நாள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நகரத்தைச் சுற்றி நடக்கும். கடைசி நாள்தான் மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சம் மணல்மேடுகளில். நான்கு இரவும் கூடாரத்தில் தங்கினால் தினமும் போக வர 80 கிலோமீட்டர், குளிரும் அதிகம்.

நகரத்தில் கோட்டைக்குள் விடுதி எடுக்காதீர்கள். படங்களில் மயக்கும். ஆனால் ஏறிப் போகிற பாதை செங்குத்தான கற்பாதை. ஆண்டாண்டாய்க் கால்பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. உள்ளே பழைய வீடுகளின் படிகள் ஒவ்வொன்றும் நம் முழங்கால் உயரம். கோட்டைக்கு வெளியே, தரைத்தளத்தில் அல்லது லிப்ட் உள்ள இடத்தில் அறை எடுங்கள். "தரைத்தளம்" என்று சொல்லிவிட்டு வாசலில் எட்டுப் படி வைத்திருப்பார்கள். வாசலின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

சம் பகுதிக் கூடாரங்களுக்கு வைக்கும் பெயர்களை நம்ப வேண்டாம். 'டீலக்ஸ்', 'ராயல்' எதற்கும் ஒரே பொருள் கிடையாது. பதிவு செய்யும் முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்:

கழிப்பறை கூடாரத்தோடு ஒட்டியதா, மேற்கத்திய வகையா? இரவிலும் விளக்கு எரியுமா, அல்லது ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்களா? வெந்நீர் குழாயில் வருமா, வாளியில் கொண்டுவந்து தருவார்களா, எந்த நேரத்தில்? கூடாரத்திலிருந்து உணவு இடத்துக்கும் ஆட்ட மேடைக்கும் போகிற வழி கெட்டித் தரையா, மணலா? கூடுதல் ரஜாய் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) தருவார்களா? மாலை நிகழ்ச்சிக்கு நாற்காலி உண்டா?

கடைசிக் கேள்வியைத்தான் நான் கேட்கத் தவறினேன். முகாம்களில் மேடையைச் சுற்றித் தரையில் மெத்தையும் திண்டும் போட்டிருப்பார்கள். பார்க்கக் கல்யாண வீடுபோல் இருக்கும். முட்டி தேய்ந்தவர் அதில் உட்கார்ந்தால் எழுப்ப இருவர் வேண்டும். நாற்காலி கேட்டேன், பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அப்பத்தா உட்கார்ந்தார். நாற்காலியின் பின்கால் இரண்டும் மெதுவாக மணலுக்குள் இறங்க ஆரம்பித்தன. அவர் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துகொண்டே போனார். முகாம் பையன் ஓடிப்போய் ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து அடியில் போட்டான். நீங்கள் போனதும் முதலில் பலகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது வரி சேர்த்தா என்று கேளுங்கள். எனக்கு இருவருக்கு 9,500 ரூபாய் என்று சொன்னார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து பில் 11,210 வந்தது. இப்போது ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 8,000 ரூபாய்க் கூடாரத்தைப் பேரம் பேசி 7,500க்குள் கொண்டுவந்தால் மிச்சம் 500 மட்டுமல்ல.

5. பெட்டியில் என்ன வைப்பது

உள்ளே அணியும் கம்பளி உடை இரண்டு ஜோடி, காது மூடும் குல்லா, கையுறை, நான்கு ஜோடிக் காலுறை. நம் பாட்டிமார்கள் காலுறை என்றாலே முகம் சுளிப்பார்கள். வீட்டிலேயே ஒரு வாரம் பழக்கிவிடுங்கள். காலுறையோடு டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் புள்ளி வைத்ததாக வாங்குங்கள். செருப்பு மணலில் உதவாது, பின்பக்கம் மூடிய மென்மையான ஷூ வேண்டும். ஊன்றுகோலின் அடிக் குமிழ் அகலமாக இருக்கட்டும். ஒல்லியானது மணலில் குத்திட்டு நின்றுவிடும். சக்கர நாற்காலியும் மணலில் நகராது.

உதட்டுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ. மூக்குக்குள் வறண்டு ரத்தம் கசியலாம். இதையும் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். டார்ச், பருத்திப் பஞ்சு (ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் புரியும்), முகக்கவசம், வெந்நீர் பிளாஸ்க்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். சாதமும் தயிரும் அங்கே கேட்டால் கிடைக்கும். 'தால் பாட்டி' என்ற ராஜஸ்தான் உணவில் வருகிற 'பாட்டி' என்ற கோதுமை உருண்டை கல்போல் இருக்கும். பல்செட் உள்ளவர் கடிக்கக் கூடாது. நொறுக்கி, பருப்பை ஊற்றி, நெய்விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தேன். "களி மாதிரி இருக்கிறது" என்று சொல்லி இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்.

6. திருவிழா நாட்களில்: ஒரு நாளைக்கு ஒன்று

காலை ஊர்வலம், பிற்பகல் போட்டி, மாலை இசை என்று மூன்றையும் பார்க்க நினைக்காதீர்கள். பகல் தூக்கத்தை வெட்டினால் மறுநாள் முழுவதும் போகும்.

முதல் நாள்: கடிசர் ஏரிப் பக்கமிருந்து ஒட்டகங்களும் கலைஞர்களுமாக ஊர்வலம் கிளம்பி பூனம் சிங் விளையாட்டரங்கத்துக்கு வரும். ஊர்வலத்தின் கூடவே நடக்காதீர்கள். நேராக அரங்கத்துக்கு முன்னதாகப் போய் நிழலில் இடம் பிடியுங்கள். தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, 'மரு ஸ்ரீ' (பாலைவன அழகன்) தேர்வு எல்லாம் அங்கேதான். பெரியவரைக் காட்டிக் கேட்டால் காவலர்கள் முன்வரிசையில் இடம் கொடுக்கிறார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். பொது நிகழ்ச்சிகளுக்கு நாங்கள் நுழைவுக் கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள்: தேதான்சர் மைதானத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகச் சாகசம். திறந்த வெளி, தூசி, வெயில். குடையும் முகக்கவசமும் வேண்டும். எங்களுக்கு அன்று தைப்பூசம். அப்பத்தா எனக்குச் சொல்லாமல் விரதம் இருந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மைதானத்தில் கை நடுங்கி வியர்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பையில் இருந்த குளுகோஸ் காப்பாற்றியது. தேதி பௌர்ணமியை ஒட்டி வருவதால் இது உங்களுக்கும் நடக்கலாம். விரதம் உண்டா என்று முந்திய இரவே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் பெரியவர்கள் ஏமாற்றுவார்கள். கழிப்பறை தேட வேண்டுமே என்று குடிக்காமலே இருப்பார்கள். குளிரில் தாகமும் தெரியாது. மைதானத்தில் கால் வைத்ததும் கழிப்பறை எங்கே என்று நீங்கள் போய்ப் பார்த்துவந்து, "பக்கத்தில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதன் பிறகுதான் குடிப்பார்கள்.

மூன்றாம் நாள்: சம். பிற்பகலிலேயே போய்ச் சேருங்கள். கடைசி இரவு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே சாலையில் கிளம்பும். அந்த நெரிசலில் பெரியவரோடு மாட்டக் கூடாது. அங்கே இரவு தங்குவதன் காரணமே அதுதான்.

ஒட்டகச் சவாரி வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். மேலே இருப்பவர் முன்பக்கம் குப்புறச் சாய்வார், பிறகு பின்னால் தள்ளப்படுவார். எலும்பு தேய்ந்தவருக்கு ஆகாது. ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்குவதும் முதுகுத்தண்டுக்கு ஆகாது. எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றாதீர்கள். ஒட்டக வண்டி கேளுங்கள். நம் மாட்டு வண்டி மாதிரிதான், மெத்தை போட்டிருக்கும். ஏற ஒரு முக்காலி வேண்டும், போகவர எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என்று ஏறும் முன் பேசிவிடுங்கள்.

எங்கள் முகாமில் மாங்கணியார் என்ற பரம்பரை இசைச் சமூகத்துப் பாடகர்கள் நால்வர். ஒருவர் ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டு மரத்துண்டுகளை வைத்து அதிரவிட்டார். அதைக் கர்தால் என்கிறார்கள். அப்பத்தா குல்லாவை ஒரு காதிலிருந்து தூக்கிவிட்டு, "நம் சப்ளாக்கட்டைதானே இது, சலங்கை இல்லாமல்" என்றார். பாட்டு முடிந்ததும் அந்தக் கலைஞர் அவர் முன் வந்து மண்டியிட்டு மறுபடி ஒருமுறை வாசித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது. கலைஞர்களுக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். அங்கே கைபேசியில் பணம் அனுப்ப சிக்னலை நம்ப முடியாது.

7. உடம்புக்கு வந்தால்

ஆம்புலன்சுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112. ஜெய்சல்மேரில் அரசு மாவட்ட மருத்துவமனை ஜவாஹிர் மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் ஜோத்பூர் எய்ம்ஸ்தான், அது ஐந்து மணி நேரம். இதய நோய் அண்மையில் வந்தவரை அழைத்துப் போகலாமா என்று முடிவெடுக்கும்போது இந்த ஐந்து மணி நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடாரத்தில் தங்கும் இரவு ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் அங்கேயே நிறுத்திவைத்தேன். அதற்குக் கொடுத்த பணத்துக்கு நான் வருந்தவில்லை.

தனோட் மாதா கோயில், லோங்கேவாலா போர் நினைவிடம் என்று ஓட்டுநர்கள் ஆசை காட்டுவார்கள். தனோட் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். திருவிழா மூன்று நாளுக்குள் அதைத் திணிக்காதீர்கள்.

8. செலவு

இருவருக்கு, ஐந்து இரவுகளுக்கு, எங்களுக்கு ஆனது: மதுரையிலிருந்து ஜோத்பூர் விமானம் 18,800, ஜோத்பூர் அறை 2,200, ஜெய்சல்மேர் ரயில் 1,200, ஜெய்சல்மேர் அறை மூன்று இரவு 8,400, கூடாரம் வரியோடு 11,210, உள்ளூர் வண்டி, சம் போகவர, இரவு நிறுத்தம் சேர்த்து 5,200, டெல்லிக்கு ரயில் 3,600, டெல்லியிலிருந்து மதுரை விமானம் 14,000, சாப்பாடு 4,500, குளிர் உடைகள் 3,000. மொத்தம் 72,000 ரூபாய் சொச்சம். விமானக் கட்டணம் மட்டும் நீங்கள் எடுக்கும் நாளைப் பொறுத்து மேலும் கீழும் போகும். கைமருந்துக்கும் எதிர்பாராததற்கும் 10,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள்.

9. திரும்பி வந்த பிறகு

வந்த மறுநாளே உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்; அப்பத்தா மூன்று நாள் தூங்கினார். காது கேட்கும் கருவி இருந்தால் மணல் புகுந்திருக்கிறதா என்று பார்க்கக் கொடுங்கள். பாதத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலி தெரியாமல் போகலாம். காலுறைகளைத் துவைக்கும் முன் மாடியில் வைத்து உதறுங்கள். நாங்கள் உதறாமல் போட்டோம், துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்க வந்த மெக்கானிக், கைப்பிடி மணலை எடுத்துக் காட்டி "வீடு கட்டுகிறீர்களா?" என்று கேட்டார்.